முகூர்த்தத்துக்கு எது, விருந்துக்கு எது? சிங்கப்பூர் மணப்பெண்ணின் உடைத் தேர்வு

சிங்கப்பூரில் தமிழ்க் கல்யாணம் என்றால் மணப்பெண்ணுக்கு ஓர் உடை போதாது. திருமணப் பதிவு ஒரு நாள், நலங்கும் மருதாணியும் இன்னொரு நாள், தாலி கட்டுவது காலையில் கோயில் மண்டபத்தில், விருந்து மாலையில் ஹோட்டலிலோ சமூக மன்றத்திலோ. எதை உடுத்துவது, எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது, எங்கே போய் வாங்குவது என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். படங்களைப் பார்த்துப் பாணியைத் தேடத் தொடங்கினால் பிடித்தவை பெருகிக்கொண்டே போகும், முடிவு மட்டும் வராது. அந்தந்த நேரத்தில் மணப்பெண் என்ன செய்யப் போகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். பாதிக்கு மேல் தானாகவே கழிந்துவிடும்.

காலைச் சடங்கில் மணையில் சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார வேண்டும். ஓமத் தீ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அம்மியில் கால் வைக்க வேண்டும், அக்னியை வலம்வர வேண்டும், பெரியவர்கள் காலில் விழுந்து எழ வேண்டும். எல்லாமே வெறுங்காலோடு. மாலையில் வேலை வேறு: குதிகால் செருப்புடன் மேடையில் நிற்பது, மேசை மேசையாகப் போய் விருந்தினரைப் பார்ப்பது, படமெடுப்பது. இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்க முடியாது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணத்திலும் கவனத்திலும் பெரும்பங்கை முகூர்த்தப் புடவைக்கும் அதன் ரவிக்கைக்கும் கொடுங்கள். மாலை உடையை வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் பிறகும் உடுத்தக்கூடிய எளிய ஒன்றாக வாங்குங்கள்.

முகூர்த்தப் புடவையில் எந்த ரகம்?

பெரும்பாலான வீடுகளில் பேச்சு காஞ்சிபுரத்தில்தான் தொடங்கும். அந்தப் பெயரில் கடைகளில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. பட்டு அசலா, ஜரிகை அசலா, கைத்தறியா, நெசவு முறை எது என்று நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சில்க் மார்க் முத்திரை 2004இல் இந்திய மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் வந்தது. அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: துணி சுத்தமான இயற்கைப் பட்டு. ஜரிகையைப் பற்றியோ, கைத்தறியா விசைத்தறியா என்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஒரு சீட்டைக் காட்டி மூன்றுக்கும் விலை கேட்டால், மற்ற இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் பெரிய தொகையைக் கொடுக்காதீர்கள்.

ஜரிகையில் மூன்று தரம் புழங்குகிறது. தூய ஜரிகையில் நடுவே பட்டு நூல், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளி இழை, அதன்மேல் பொன் முலாம். பாதி ஜரிகை என்றும் ஹாஃப் ஃபைன் என்றும் சொல்வதில் அடிப்படை செம்பு. வெள்ளிப் பூச்சு அதன்மேல் வரும். மூன்றாவது, பளபளப்பான பிளாஸ்டிக் இழை. முந்தானை ஓரத்தில் தொங்கும் ஜரிகை நூல் ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறிதான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. போலி ஜரிகையிலும் நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். வெள்ளை நூல் தெரிந்தால் தூய ஜரிகை விலையைக் கொடுக்க வேண்டாம். விலை அதிகமான புடவை என்றால், ஜரிகையின் உலோக விகிதத்தைக் கருவியில் வைத்துச் சோதித்துக் காட்டும் கடையில் வாங்குவதே நல்லது.

தூய ஜரிகைக்கு ஏன் அவ்வளவு விலை என்றால், பல ஆண்டுகள் கழித்தும் அந்த வெள்ளிக்கு மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் பழைய பட்டுப்புடவைகளை எடைபோட்டு வாங்குவது இதற்காகத்தான். பாதி ஜரிகைக்கு அந்த மதிப்பு கிடையாது. வியர்வை பட்டால் சீக்கிரம் கறுப்பதும் அதுதான், ஏனென்றால் வியர்வை உப்பு செம்பை அரிக்கும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒருநாள் உடுத்திவிட்டு எடுத்து வைக்கும் புடவைக்கு இந்த வேறுபாடு முக்கியம். நலங்குக்கோ மறுவீட்டுக்கோ என்றால் பாதி ஜரிகையே போதும், அங்கே கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை.

நெசவைப் பார்க்கப் புடவையைத் திருப்பிப் பிடியுங்கள். கோர்வை நெசவில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் (குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் தறி ஓடத்தில்) நெய்யப்பட்டு, சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பின்பக்கத்தில் அந்தக் கோப்பு வரிசையாகத் தெரியும். கரையிலும் உடலிலும் முழுமையான இரண்டு நிறங்கள் கலக்காமல் நிற்க இதுதான் காரணம். இன்னொரு ஆள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டிய வேலை என்பதால் கூலி கூடும். முந்தானையை வேறு நிறப் பாவில் (நீளவாட்டு நூலில்) இணைப்பதைப் பேட்னி என்பார்கள். அந்த இணைப்பு விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். கோர்வையும் பேட்னியும் இல்லாத புடவை தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. அவை இருப்பதாகச் சொல்லி விலை கேட்கும்போது இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எடையைப் பெரும்பாலோர் கடையில் கேட்பதே இல்லை. மணப்பெண் புடவைகள் 600 கிராமிலிருந்து ஒரு கிலோவைத் தாண்டியும் வரும். மண்டபம் குளிர்சாதனமில்லாதது, பகல் வெப்பம் 31 முதல் 33 டிகிரி, எதிரே ஓமம். அதோடு கழுத்தில் ரோஜா மாலை, தலையில் பூச்சடை, இடுப்பில் ஒட்டியாணம். ஒரு கிலோ புடவையில் உடல் முழுக்க ஜரிகை நிறைந்திருந்தால் துணி விறைப்பாக நிற்கும். சம்மணமிட்டு உட்காரும்போது மடியில் மேடாகக் குவியும், எழும்போது கொசுவம் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். 650 முதல் 800 கிராமுக்குள், கரையும் முந்தானையும் நிறைவாக, உடலில் சிறு புட்டாவோடு இருக்கும் புடவை காலைச் சடங்குக்கு மிகப் பொருத்தம். கண்ணுக்கு நிறைவாகவும் இருக்கும், உடுத்துபவருக்கு அமைதியாகவும் இருக்கும்.

மென்பட்டு 400, 500 கிராமில் கிடைக்கும். உடலோடு ஒட்டி விழும், சிறிய உடல்வாகுக்கு மிக அழகு. ஆனால் கனமான கோயில் நகைகளோடு போட்டால் புடவை பின்னுக்குப் போய்விடும். பூமாலையின் ஈரமும் அதில் சீக்கிரம் தெரியும். பனாரஸ் பட்டு ஜரிகை நிறைந்து மென்மையாக விழும், மாலை விருந்துக்கு அருமை. பல பனாரஸ் புடவைகளில் பின்பக்கம் நீளமான மிதவை நூல்கள் இருக்கும். அவை மெட்டியிலும் வளையலிலும் மாட்டி இழுபடும் என்பதால் காலைக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை.

அம்மாவின் கூறையை, அதாவது அவருடைய முகூர்த்தப் புடவையை, உடுத்தும் எண்ணம் இருந்தால், முதலில் அது இன்னும் தாங்குமா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும். மடிப்பை இரு பக்கமும் விரல்களால் பிடித்து மெல்ல இழுங்கள். நூல் விலகினாலோ பொடிபோல உதிர்ந்தாலோ, சடங்கில் உட்கார்ந்து எழும்போது அது கிழியும். அப்படிப்பட்ட புடவையின் கரையையும் முந்தானையையும் வெட்டி ரவிக்கையாகவோ மாலை உடையின் மேலாடையாகவோ மாற்றலாம். பட்டு உறுதியாக இருந்து ஜரிகை மட்டும் மங்கியிருந்தால், உலர் சலவையும் உருளை இஸ்திரியும் போதும். அம்மாவின் புடவை புதியதை விட நன்றாக அமைவது அடிக்கடி நடக்கும். அந்தக் கால அரக்கும் மாம்பழ மஞ்சளும் இப்போதைய சாயங்களில் எளிதில் கிடைப்பதில்லை.

நிறமும் உயரமும்

நிறத்தைக் கடையின் விளக்கில் முடிவு செய்யாதீர்கள். புடவைக் கடைகளின் மஞ்சள் விளக்கு அரக்கையும் பழுப்பையும் ஒன்றாக்கிவிடும். சிராங்கூன் ரோட்டுக் கடை என்றால் கடைக்காரரிடம் கேட்டுப் புடவையை வெளியே ஐந்தடிப் பாதைக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு மணமேடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். செவ்வந்தியும் செயற்கைத் தங்கமும் நிறைந்த அலங்காரத்துக்கு முன்னால் மஞ்சள் புடவை படங்களில் கரைந்துபோகும். ராமர் பச்சை, அரக்கு, ராணி நிறம், மயில்கழுத்து ஆகியவை எந்தப் பின்னணியிலும் நிற்கும். மதுரை ஷண்முகவடிவு சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் மாநிறத்துக்கு மிக எடுப்பு. வீட்டுப் பெரியவர்கள் நீலத்தை முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொள்வார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நகையும் இதில் சேரும். இங்கே வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 916 தங்கம், பளிச்சென்ற மஞ்சள். அதற்கு அதே பளபளப்புள்ள ஜரிகை ஒத்துப்போகும். வாடகைக்கு எடுக்கும் பழுப்புச் சாயல் கோயில் நகை என்றால் மங்கிய பொன் ஜரிகையைத் தேடுங்கள். இரண்டையும் கலந்தால் நகை அழுக்காகத் தெரியும்.

ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குக் கீழ் உயரமென்றால் 4 முதல் 6 அங்குலக் கரை போதும். 10, 12 அங்குலக் கரை முழங்கால் வரை ஏறி உயரத்தை இன்னும் குறைத்துக் காட்டும். உயரமானவர்களுக்குப் பெரிய கோபுரக் கரை அழகாக அமையும். இடுப்புச் சுற்று அதிகம் என்றால் உடலில் நெருக்கமான கட்டத்தைத் தவிர்த்து வைரஊசிக் கோடு போன்ற நீளவாட்டு வேலையைப் பாருங்கள். கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இடுப்பில் சுற்றி, கொசுவம் பிடித்து, தரையில் ஒரு முறை சம்மணமிட்டு உட்காருங்கள். நல்ல கடையில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எங்கே வாங்குவது?

தேக்காவிலும் சிராங்கூன் ரோட்டிலும் வாங்குவதில் உள்ள பெரிய வசதி, திரும்பப் போகலாம். கறை இருந்தால், நிறம் ஒத்துவராவிட்டால், ரவிக்கைத் துணி குறைந்தால் அடுத்த நாளே கடையில் நிற்கலாம். அம்மாவும் மாமியாரும் வேறு வேறு நாளில் வந்து பார்க்கலாம். குறை, தேர்வு குறைவு. ஒரே நிறத்தில் பத்துப் புடவை பார்க்க முடியாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தக் கடைகளில் நின்று பேச நேரம் கிடைக்காது. பண்டிகை முடிந்த பின்னோ வார நாள் காலையிலோ போனால் பெட்டிக்குள் இருப்பவற்றையும் எடுத்துக் காட்டுவார்கள்.

சென்னை தியாகராய நகரிலும், அங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் உள்ள காஞ்சிபுரத்திலும் தேர்வு பல மடங்கு. விலையும் குறைவு. விமானச் சீட்டு, தங்குமிடம், விடுப்பு எல்லாவற்றையும் கூட்டினால், ஒரே ஒரு புடவைக்காகப் போவது பெரும்பாலும் மிச்சமில்லை. மணப்பெண்ணுக்கு மூன்று நான்கு, இரு வீட்டுப் பெண்களுக்கு பத்துப் பன்னிரண்டு, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி என்று மொத்தமாக வாங்கும் குடும்பத்துக்குத்தான் பயணம் கட்டுப்படியாகும். காஞ்சிபுரத்தில் வண்டிக்காரர் கூட்டிச்செல்லும் கடையில் அவருடைய தரகும் விலையில் ஏறியிருக்கும். காந்தி ரோட்டுக் கடைகளையும் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களையும் நீங்களே நடந்து பாருங்கள். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பேரம் கிடையாது, அதுவே அங்கே ஒரு நிம்மதி.

திரும்பி வரும்போது வரிக் கணக்கை மறக்காதீர்கள். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்து திரும்புபவருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை விலக்கு, அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளிதான். 2,500 வெள்ளி மதிப்புள்ள புடவைகளோடு வந்தால் விலக்குப் போக 2,000 வெள்ளிக்கு 180 வெள்ளி வரி. இந்த விலக்கு வேலை அனுமதி, எம்பிளாய்மென்ட் பாஸ், மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. அவர்கள் முழு மதிப்புக்கும் கட்ட வேண்டும். அதே பயணத்தில் நகையும் வாங்கினால் அதுவும் கணக்கில் சேரும். பில்களைக் கைப்பையில் வைத்து, சுங்கத்துறையிடம் இணையத்தில் முன்பே அறிவித்துக் கட்டிவிடுவது எளிது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸும் மஸ்ஜித் இந்தியா வட்டாரமும் நடுவழி. தைத்த உடைகளுக்கும் விருந்துப் புடவைகளுக்கும் ஏற்றவை. ஒருநாள் போய்வந்தால் விலக்கு 100 வெள்ளிக்கு மேல் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இணையத்தில் முகூர்த்தப் புடவை வாங்குவதை நாங்கள் விரும்பவில்லை. எடையும் விறைப்பும் படத்தில் தெரியாது, நிறம் ஒவ்வொரு திரையிலும் மாறும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் காணொளி அழைப்பில் பகல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், தராசில் வைத்து எடையைக் காட்டச் சொல்லுங்கள். பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே இறங்கும்போது 9 விழுக்காடு வரி உண்டு. அதற்குக் கீழே என்றாலும், சிங்கப்பூரில் வரிக்குப் பதிவு செய்த விற்பனையாளர் 2023 முதல் விற்கும்போதே வரியைச் சேர்த்துவிடுவார்.

ரவிக்கைக்குத்தான் அதிக நேரம்

புடவை சுமாராக இருந்து ரவிக்கை சரியாக அமைந்தால் மணப்பெண் அழகாகத் தெரிவார். மாறாக நடந்தால் எவ்வளவு விலை கொடுத்த புடவையும் கைகொடுக்காது. கல்யாண வாரத்தில் அழுகையில் முடிவதும் பெரும்பாலும் ரவிக்கை விஷயமே.

புடவையோடு வரும் ரவிக்கைத் துண்டு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். மார்புச் சுற்று 40 அங்குலத்தைத் தாண்டினால், முழங்கை வரை கை வைக்க அது போதாமல் போகலாம். கையில் ஜரிகைக் கரை வர வேண்டுமென்றால் இன்னும் இழுக்கும். இதைத் தையற்காரர் வெட்டும் நாளில் கண்டுபிடித்தால் வழி இல்லை. புடவை வாங்கும் அன்றே துண்டை அளந்துபாருங்கள். குறைந்தால் அதே கடையில் ஒத்த நிறத்தில் ராசில்க் ஒரு மீட்டர் எடுத்துவிடுங்கள்.

ரவிக்கையில் ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் நூல், மணி வேலைப்பாடு) செய்வதானால் இங்கே செய்வதா, தமிழ்நாட்டில் செய்வதா என்பது பெரிய கேள்வி. அங்கே கூலி குறைவு, வேலைப்பாடும் பிரமாதம். இங்கே தேக்கா சென்டர் மாடியிலும் சுற்றியுள்ள தையற்கடைகளிலும் கூலி அதிகம், ஆனால் உடலில் போட்டுப் பார்த்துத் திருத்தலாம். ஆரி வேலையைச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கழுத்தும் கையும் வரைந்த அளவுக்குள் போடுகிறார்கள். மணிகள் தைத்த பிறகு அந்தக் கோட்டை மாற்றவே முடியாது. கழுத்தை ஓர் அங்குலம் ஏற்றச் சொன்னால் வேலைப்பாட்டை வெட்டத்தான் வேண்டும். ஆகவே எங்கள் வழி இது: இங்குள்ள தையற்காரரிடம் முதலில் சாதாரணப் பருத்தித் துணியில் ஒரு மாதிரி ரவிக்கை தைத்துப் போட்டுப் பாருங்கள். அது சரியாக அமைந்ததும் அதே மாதிரியையும் துணியையும் ஆரி வேலைக்கு அனுப்புங்கள். வேலை முடிந்த துணி தைக்காமலே திரும்பி வரட்டும், தையல் இங்கே நடக்கட்டும். இதற்கு எட்டு முதல் பத்து வாரம் ஒதுக்க வேண்டும்.

அளவெடுக்கும்போது கல்யாண நாளில் அணியப்போகும் அதே உள்ளாடையோடு நில்லுங்கள். மார்பு, மார்பின் கீழ்ச்சுற்று, தோள் அகலம், கைக்குழிச் சுற்று, கை நீளம், கை முடியும் இடத்தின் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து, மொத்த நீளம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மேற்கையில் வங்கி என்ற நகையை அணிபவர் கை நீளத்தை அதைக் கையில் மாட்டிக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். ஆரி மணிகளின்மேல் வங்கி உட்கார்ந்தால் இரண்டுமே உரசிக் கெடும். பக்கத் தையலில் ஒன்றரை அங்குலத் துணி விடச் சொல்லுங்கள். பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் துளை தெரியும். அதனால் முதலில் சற்றுத் தளர்வாகத் தைத்து, கடைசி வாரத்தில் பிடிப்பதே சரி. கல்யாணத்துக்கு முன் பலர் மெலிகிறார்கள், மெலிந்தவருக்குப் பிடித்துத் தருவது சுலபம். உள்துணி பருத்தியாக இருக்கட்டும், அக்குளில் வியர்வை அட்டை தைக்கட்டும். பின்கழுத்தை ஆழமாக வைப்பவர்கள் கோயில் நிர்வாகத்தையும் வீட்டாரையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

புடவையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக ஃபால்ஸ் துணியைத் தைப்பதற்கு முன் அதை நனைத்து உலர்த்தினார்களா என்று கேளுங்கள். நனைக்காத பருத்தி ஃபால்ஸ் பிறகு சுருங்கி, புடவையின் கீழ் ஓரத்தைச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துவிடும்.

கூறை மாற்றும் நேரம்

பல குடும்பங்களில் மணப்பெண் ஒரு புடவையில் மணமேடைக்கு வந்து, கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மாற்றி வருவார். யாழ்ப்பாண வழக்கிலும் கூறைச்சேலை மாற்றிய பிறகே தாலி. முகூர்த்த நேரம் காத்திருக்காது. புதுப்பட்டை மடிப்புக் கலையாமல் அந்த அவசரத்தில் கட்ட 25 நிமிடம் ஆகும். முன்பே கொசுவமும் முந்தானையும் மடித்து இஸ்திரி போட்டு வைத்த புடவை என்றால் பத்து நிமிடத்தில் முடியும். இந்த மடிப்பு வேலையை இங்கே மணப்பெண் அலங்காரம் செய்பவர்கள் தனியாகவும் செய்து தருகிறார்கள். கூறையைத் தட்டில் வைத்து ஆசீர்வாதம் வாங்குவதால், மடித்துக் கிளிப் மாட்டிய புடவையை அப்படியே தட்டில் வைக்கலாமா என்று ஐயரிடமும் வீட்டாரிடமும் கேளுங்கள். வேண்டாமென்றால் முதலில் உடுத்தும் புடவையை எளிதில் அவிழ்க்கக்கூடியதாக, ஊசி குறைவாகக் கட்டுங்கள். இரண்டு புடவைக்கும் பொருந்துகிற ஒரே ரவிக்கையைத் திட்டமிட்டால் இன்னும் நேரம் மிஞ்சும்.

உள்பாவாடை காலைக்குப் பருத்தியில் நாடா வைத்ததாக இருக்கட்டும். உடலை இறுக்கும் மீன்வால் உள்பாவாடை மேடையில் நிற்க அழகு, சம்மணமிட விடாது. காலையில் வெறுங்கால், மாலையில் குதிகால். எனவே இரண்டுக்கும் நீளம் வேறான இரண்டு உள்பாவாடை வேண்டும். நறுமணத் தெளிப்பானையும் முடித் தெளிப்பானையும் புடவை கட்டும் முன்பே முடித்துவிடுங்கள், அவை ஜரிகையைக் கறுக்கும். பூமாலையைத் தண்ணீர் தெளித்தபடியே கழுத்தில் போட்டால் ரோஜாச் சாயம் பட்டில் இறங்கும். ஒரு பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க ஒருவரை முன்பே சொல்லிவையுங்கள்.

மாலைக்கு எது?

லெஹங்கா, கவுன், இன்னொரு பட்டு, இந்த மூன்றில்தான் பெரும்பாலும் முடிவு. கனமான வேலைப்பாட்டு லெஹங்கா ஐந்து கிலோவைத் தாண்டும், முழு எடையும் இடுப்பு நாடாவில் தொங்கும். போட்டுப் பார்க்கும்போது பத்து நிமிடம் நடந்து, படியேறிப் பாருங்கள். வாங்கினால் மறுபடி உடுத்தும் வாய்ப்பு குறைவு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் அதற்கு இடமும் இல்லை. வாடகையே புத்தி. வாடகைச் சீட்டில் பார்க்க வேண்டியவை: எத்தனை நாள், இடுப்பும் நீளமும் திருத்தித் தருவார்களா, முன்பணம் எப்போது திரும்பும், கறைக்கும் உதிர்ந்த மணிக்கும் எவ்வளவு பிடிப்பார்கள், உங்களுக்கு முன்னால் எடுத்தவர் எந்த நாளில் திருப்பித் தருகிறார். கடைசிக் கேள்வியைக் கேட்காதவர்களுக்குச் சலவை முடியாத உடை வந்து சேரும். வலைத்துணி லெஹங்காவைக் காலைச் சடங்குக்கு வேண்டவே வேண்டாம். செயற்கை வலை தீப்பொறி பட்ட நொடியில் உருகித் தோலில் ஒட்டும். பட்டு அவ்வளவு எளிதில் பற்றாது.

கவுன் என்றால் தஞ்சோங் பகார் ரோட்டு மணப்பெண் கடைகளின் தொகுப்பில் உடை, படப்பிடிப்பு, அலங்காரம் எல்லாம் சேர்ந்து வரும். சீனக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்பவர்களுக்குத் தேநீர்ச் சடங்கு உடையும் அதிலேயே கிடைக்கலாம். மேல்வரிசைக் கவுனுக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். தேவாலயத் திருமணத்தில் கணக்கு தலைகீழ்: அங்கே காலை உடையே கவுன் அல்லது வெள்ளைப் பட்டு, மாலையில்தான் நிறப் பட்டு. வெள்ளைப் பட்டில் வெள்ளி ஜரிகையும் முழுக்கை ரவிக்கையும் முக்காட்டோடு மிக நன்றாகச் சேரும். அந்தப் புடவை பிறகும் உடுத்த உதவும் என்பதால், தயங்குபவர்களுக்கு நாங்கள் கவுனைவிட அதையே சொல்வோம்.

திருமணப் பதிவு நாளுக்கு மென்பட்டு போதும். நலங்குக்கு மஞ்சள் கறை பட்டாலும் கவலையில்லாத பருத்தியோ செயற்கைப் பட்டோ எடுங்கள்.

கல்யாணம் முடிந்ததும்

கூறையை அன்றிரவே பெட்டியில் போடக் கூடாது. உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் சில மணி நேரம் விரித்து வையுங்கள். குங்குமம், அட்சதை மஞ்சள், எண்ணெய் பட்ட இடங்களை நூலால் அடையாளமிட்டு ஒரு வாரத்துக்குள் உலர் சலவைக்குக் கொடுங்கள், எந்தக் கறை எதனால் வந்தது என்றும் சொல்லுங்கள். நீங்களே தண்ணீர் போட்டுத் தேய்த்தால் பட்டு வெளுத்து வட்டம் விழும். பிறகு கஞ்சி போடாத வெள்ளை வேட்டியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைத்த அலமாரியில் படுக்கையாக வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து மடிப்பை வேறு இடத்தில் மாற்றி மடியுங்கள்.